தோட்டத்தைத் தேடிப் பட்டணம் வரும்போது: பாடாங் செராய், கூலிம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தெற்கில் இருக்கும் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரம் எங்களுடையது. முன்பு சுற்றிலும் ரப்பர் காடு, அப்புறம் செம்பனை (எண்ணெய்ப்பனை), இப்போது தாமான்களும் (வீடமைப்புப் பகுதிகளும்) தொழிற்சாலைகளும். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டாலும் சரி, ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்தாலும் சரி, இந்த மாற்றத்தைப் பற்றி மக்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்பவை தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும். உங்கள் வழக்கில் காசு, வீடு சம்பந்தப்பட்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அதிகாரியிடமோ வழக்கறிஞரிடமோ ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் பெருத்துக்கொண்டே போகிறது. அப்படியானால் நாடு முன்னேறுகிறது என்றுதானே பொருள்?

பாதி சரி. 1970இல் மலேசியாவில் பட்டணத்தில் வாழ்ந்தவர்கள் நாலில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருந்தார்கள். 1991இல் அது பாதியானது. 2020 கணக்கெடுப்பில் 75.1 விழுக்காடு. இதே காலத்தில்தான் நாடு ரப்பரையும் வெள்ளீயத்தையும் விற்றுப் பிழைத்த நிலையிலிருந்து மின்னணுப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் நிலைக்கு வந்தது. உலகத்திலும் அப்படித்தான். பணக்கார நாடுகளில் பெரும்பான்மையோர் நகரவாசிகள். 2007 வாக்கில் உலக மக்களில் பாதிப் பேர் நகரத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் நகரம் பெருத்தால் வளம் தானாகவே வந்துவிடும் என்று நம்ப முடியாது. ஆப்பிரிக்காவில் சாம்பியாவைப் பாருங்கள். செம்புச் சுரங்கத்தை நம்பி கிட்வே, என்டோலா போன்ற ஊர்கள் கிடுகிடுவென வளர்ந்தன. 1970களின் நடுவில் செம்பு விலை சரிந்தது. சுரங்க வேலை குறைந்தது. 1980க்குப் பிறகு இருபது ஆண்டுகளில் அந்த நாட்டின் நகர மக்கள் விகிதமே இறங்கியது. கிராமத்துக்குத் திரும்பிப் போனவர்கள் ஏராளம். ஒரே ஒரு பொருளை நம்பி எழுந்த ஊர் அந்தப் பொருளோடு சேர்ந்து விழும். ரப்பர் விலை விழுந்த காலங்களில் நம் தாத்தா பாட்டிகள் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டதும் இதே கதைதான். 1930களின் தொடக்கத்தில் அப்படி ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள்.

அதனால் ஊர் எவ்வளவு பெரிதாகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். வளரும் நிலம் யார் பெயரில் இருக்கிறது, புதிதாக வரும் வேலைக்கு நம் பிள்ளை தகுதியாக இருக்கிறானா என்று கேளுங்கள். இந்த இரண்டும்தான் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை முடிவு செய்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதைச் சுற்றித்தான்.

தோட்ட நிலத்தின்மீதே எல்லாப் பட்டணத்தையும் ஏன் கட்டுகிறார்கள்?

வசதி என்பதால்தான். பத்தாயிரம் பேருக்குச் சொந்தமான துண்டு துண்டு நிலத்தை வாங்குவதைவிட, ஒரே முதலாளி கையில் ஒரே பரப்பாக இருக்கும் ஆயிரம் ஏக்கரை வாங்குவது எளிது. சாலை ஏற்கெனவே இருக்கும். நிலம் திருத்தி வைத்திருப்பார்கள். ஒரு கையெழுத்தில் வேலை முடியும்.

பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கத்தில் எஃபிங்காம் தோட்டத்தில் எழுந்தது. கோலாலம்பூரில் நெரிசல் தாங்கவில்லை, அதைக் குறைக்கக் கட்டிய ஊர் அது. சுபாங் ஜெயா 1970களில் சீபீல்டு தோட்டத்தில் பிறந்தது. 1999இல் பிரதமர் அலுவலகம் குடிபோன புத்ராஜெயா நேற்றுவரை பெராங் பெசார் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டிய (மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்த) குடும்பங்கள் டெங்கிலில் உள்ள அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன.

இதற்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு ஏக்கர் செம்பனை ஆண்டுக்குக் கொடுக்கும் லாபத்தையும், அதே ஏக்கரை மனையாகப் பிரித்து விற்றால் வரும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டணம் நெருங்க நெருங்க இரண்டாவது தொகை பல மடங்கு ஏறும். பெரிய தோட்ட நிறுவனங்கள் வீடமைப்புப் பிரிவு தொடங்கியதன் காரணம் இதுதான். 1981 செப்டம்பரில் மலேசிய அரசாங்க முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்ட நிறுவனத்தின் பங்குகளை ஒரே காலைப்பொழுதில் வாங்கிக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தது. தோட்டங்கள் வெள்ளைக்காரனிடமிருந்து நாட்டுக்கு வந்தது நல்லதுதான். ஆனால் உரிமையாளர் மாறிய அந்தக் கணக்கில் லயத்து வீட்டுக்காரர், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் இருந்த தொழிலாளி, எந்தப் பத்தியிலும் இல்லை.

ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பால்வெட்டுத் தொழிலாளி ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு மரம் வெட்டுவார், சுமார் நாலைந்து ஏக்கர் நிரைதான் பார்க்க முடியும். செம்பனையில் ஓர் ஆளுக்கு அதைவிடப் பல மடங்கு பரப்பு. ஆள்தேவை அப்போதே குறைந்துவிட்டது. நிலத்தை விற்றது அதற்கு அப்புறம் வந்த கட்டம்.

தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்குப் போனால் உண்மையிலேயே பிழைப்பு மேம்படுமா?

பொதுவாக மேம்படும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பட்டணத்தில் முதலாளிகள் அதிகம். ஒரு இடத்தில் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு இடம். தொழிலை ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள், உதிரிப்பாகம் விற்பவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார். ஒரு நகரத்தின் அளவு இரட்டிப்பானால் உழைப்பின் விளைதிறன் 3 முதல் 8 விழுக்காடு வரை ஏறுகிறது என்று பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் ஒரே முதலாளி. வேலை, வீடு, தண்ணீர், ஆயாக் கொட்டகை (குழந்தைக் காப்பகம்) எல்லாம் அவர் கையில். வேலை போனால் வீடும் போகும்.

செயின்ட் லூசியாவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954இல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார். விவசாயத்தில் மிகுதியாக இருக்கும் ஆட்கள் தொழிற்சாலைக்கு நகர்வதால் நாடு வளர்கிறது என்பது அவர் கருத்து. 1979இல் நோபல் பரிசும் பெற்றார். 1970இல் ஹாரிஸ், தொடாரோ என்ற இருவர் கென்யாவைப் பார்த்துவிட்டு இன்னொன்றைச் சேர்த்தார்கள். பட்டணத்தில் வேலையில்லை என்று தெரிந்தும் மக்கள் ஏன் வந்துகொண்டே இருக்கிறார்கள்? நல்ல சம்பள வேலை கிடைக்கும் வாய்ப்பு கொஞ்சம் இருந்தாலும், அந்த வாய்ப்புக்காகக் காத்திருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். காத்திருக்கும் காலத்தில் கிடைத்த வேலையைச் செய்கிறார்கள். பாதுகாவலர், லோரி அட்டெண்டன், துப்புரவு. அந்தத் தற்காலிக வேலையிலேயே இருபது ஆண்டு ஓடிப் போனவர்களை நம் தெருவிலேயே காட்டலாம்.

இன்னொன்று. தோட்டத்துச் சம்பளம் குறைவு, ஆனால் வாடகை இல்லை. பின்பக்கத்தில் முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி. நாலு கோழி, சிலரிடம் பசுமாடு. பால் விற்ற காசில்தான் பல பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை வந்தது. அடுக்குமாடிக்குப் போனதும் கறிவேப்பிலைக்குக்கூடக் காசு. சம்பளச் சீட்டில் தொகை ஏறியிருக்கும், கையில் நிற்பது ஏறியிருக்காது. இடம் மாறுவதற்கு முன் இந்த இரண்டு கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வாடகை, தண்ணீர், மின்சாரம், பராமரிப்புக் கட்டணம், மோட்டார் சைக்கிள் தவணை, பெட்ரோல் எல்லாம் அதில் வரட்டும்.

கூலிமில் ஹைடெக் பார்க் வந்து இத்தனை ஆண்டாகிறது. நம் பிள்ளைகளுக்கு ஏன் பெரிய வேலை கிடைக்கவில்லை?

முதலில் அது ஏன் கூலிமுக்கு வந்தது என்று பார்ப்போம். பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதியை 1969இல் இழந்து வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருந்த தீவை, முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில் இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்டு போன்ற நிறுவனங்கள் மாற்றின. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் பினாங்குக்குப் போனார்கள். பல வீடுகளில் முதல் தொலைக்காட்சிப் பெட்டி அந்த அக்காமார்களின் சம்பளத்தில் வாங்கியது.

தீவில் நிலம் சுருங்கியது, விலை ஏறியது. 1996இல் கூலிம் ஹைடெக் பார்க் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா அது. பட்டர்வொர்த்–கூலிம் நெடுஞ்சாலை துறைமுகத்தோடும் பினாங்குத் தொழிற்சாலைகளோடும் அதை இணைத்தது. இன்டெல் வந்தது, 2006இல் இன்ஃபினியன் வந்தது. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் சிலிக்கான் கார்பைடு மின்னணுச் சில்லு செய்யும் புதிய ஆலையைத் திறந்தது. மின்சார வண்டிகளுக்கு வேண்டிய சில்லு அது. உலகத் தரத்து வேலை நம் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கிறது.

அதிகாலையில் பாடாங் செராய் சாலையோரம் தொழிற்சாலைப் பேருந்து நிற்கும்போது பாருங்கள். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ஆப்பரேட்டர்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பொறியாளர்கள் காரில் வருகிறார்கள், பலர் பினாங்கிலிருந்து. நம் பிள்ளைகள் அந்தப் பேருந்திலிருந்து அந்தக் காருக்கு மாற வேண்டும். மாறுவதற்கு வழி இருக்கிறது. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்முக்குப் பிறகு உடனே ஆப்பரேட்டர் வேலைக்குப் போனால் முதல் மாதமே சம்பளம் வரும், வீட்டுக் கஷ்டம் தீரும். ஆனால் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். பாலிடெக்னிக்கிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ இரண்டு மூன்று ஆண்டு டிப்ளோமா முடித்தால் டெக்னீஷியன். அங்கிருந்து மேலே ஏறப் படி இருக்கிறது. அந்த இரண்டு மூன்று ஆண்டுச் செலவைத் தாங்க முடியாத வீடுகளுக்குத்தான் நம் சங்கங்களும் கோயில்களும் முதலில் உதவ வேண்டும். திருவிழாவுக்கு வசூலிக்கும் ஊரால் இதற்கும் வசூலிக்க முடியும். இதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. லயத்தில் இருக்கும் எங்களுக்கு என்ன உரிமை?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, விளக்கமாகச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஓர் அத்தைக்குக் கடிதம் வந்தது. பழுப்பு உறை, மலாயில் இரண்டு பக்கம். குறிப்பிட்ட தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தின் அடியில், தனக்குச் சேர வேண்டியது அனைத்தும் கிடைத்துவிட்டது, இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. மாலைக்குள் கையெழுத்துப் போட்டு ஆபிசில் கொடுத்துவிடும்படி வந்தவர் சொல்லியிருக்கிறார். அத்தைக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. அவர் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னதால் தப்பித்தார். அந்த வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்களும் அதே லயத்தில் இருந்தார்கள்.

ஆகவே முதல் வேலை: படித்துப் புரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் கேளுங்கள், கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் அதற்காகவே ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது வேலைநீக்க இழப்பீடு. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை என்றால் 15 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். 22 ஆண்டு பால் வெட்டியவருக்கு 440 நாள் சம்பளம் வரும். இது தவிர, முன்னறிவிப்புக் காலம் இருக்கிறது. தோட்டம் கைமாறியதால் வேலை போனால், ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்குக் குறைந்தது 8 வாரம். கொடுக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நியாயமில்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டதாக நினைத்தால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவுக்குப் போக வேண்டும். 60 நாள் தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஒரு நுணுக்கம்: புதிய முதலாளி அதே நிபந்தனைகளோடு வேலை தருகிறேன் என்று உரிய காலத்துக்குள் சொல்லி, நீங்கள் காரணமில்லாமல் மறுத்தால் இழப்பீடு கிடைக்காது. கோபத்தில் மறுத்து இழந்தவர்கள் உண்டு. ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் ஒப்பந்தக்காரரிடம்தான் கேட்க முடியும், அவரோ பல வேளை கண்ணில் படமாட்டார். சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) ஆவணங்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான். எத்தனை ஆண்டு வேலை செய்தோம் என்பதற்கு அவைதான் சாட்சி.

இப்போது வீடு. இங்கேதான் மனம் வலிக்கிறது. மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது முதலாளி வேலைக்காகக் கொடுத்த வீடு. தொழிலாளர் வீட்டுத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் தண்ணீர், மின்சாரம், கூரை சரியாக இருக்க வேண்டும் என்று சொல்லும். சொந்தம் என்று சொல்லாது. அரசாங்கமே நிலத்தை எடுத்துக்கொண்டாலும், 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் இழப்பீடு கோரத் தகுதியுள்ளவர்களின் பட்டியலில், உரிமையாளர் விருப்பம் உள்ளவரை மட்டும் குடியிருப்பவர் சேரமாட்டார். ஓய்வு பெற்ற அப்பாவுக்கோ, பள்ளி முடித்து வெளியே வேலை செய்யும் மகனுக்கோ அந்த வீட்டின்மீது எழுத்தில் எதுவும் இல்லை.

அப்படியென்றால் மாற்று வீடு கிடைத்தவர்கள் எப்படிக் கிடைக்கப் பெற்றார்கள்? பேசித்தான். சட்டம் கொடுக்காததை மாநில அரசாங்கத்தின் நிபந்தனைகள் கொடுக்க முடியும். நிலம் மாநில அதிகாரத்தில் இருக்கிறது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசாங்கம் அனுமதி தர வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் கிடைப்பதற்கு முன்னால் தொழிலாளர்கள் ஒன்றாகச் சேர்ந்து சட்டமன்ற உறுப்பினரையும் நில அலுவலகத்தையும் பார்த்தால், மாற்று வீட்டை நிபந்தனையாகச் சேர்க்கப் பேசலாம். ஒப்புதல் கிடைத்து, புல்டோசர் வந்த பிறகு போனால் பேரம் பேசக் கையில் ஒன்றும் இருக்காது. விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிய வாரத்திலேயே குடியிருப்பாளர் குழு அமையுங்கள். வாக்குறுதி எதுவானாலும் எழுத்தில், தேதியோடு, வீட்டு அளவோடு, விலையோடு வாங்குங்கள்.

கூட்டாகச் சேர்ந்து நிலத்தை வாங்கிவிட முடியாதா?

முடியும் என்று ஒரு தலைமுறை செய்து காட்டியிருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலர் விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டாடினார்கள், தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போது மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி (நம் நாட்டுப் பணம்) சேர்க்கச் சொன்னார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம். தினக்கூலி வாங்கியவர்களின் பத்து வெள்ளியில் தோட்டங்களே கைக்கு வந்தன. எனக்கு அதைவிடப் பெருமை தரும் பொருளாதாரச் செய்தி மலேசியத் தமிழர் வரலாற்றில் இல்லை.

அதே காலத்தில் 1956இல் தொடங்கிய பெல்டா என்ற அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டம் குடியேறிகளுக்கு ஆளுக்குச் சுமார் 4 ஹெக்டேர் நிலமும் ஒரு வீட்டு மனையும் என்ற வழியில் போனது. அதில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், தோட்டத் தொழிலாளர்கள் அந்த வழியில் வரவில்லை. நிலநிதியில் உறுப்பினருக்குக் கிடைத்தது சங்கத்தின் பங்கு. பெல்டாவில் கிடைத்தது குடும்பத்தின் பெயரில் நிலம். பட்டணம் நெருங்கி நில விலை ஏறும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

இன்றைய விலையில் தோட்டத்தை வாங்க முடியாது. ஆனால் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து வீட்டு முன்பணத்துக்குச் சேமிக்க முடியும்.

மலிவு விலை அடுக்குமாடியில் லிப்ட் ஓடவில்லை, குப்பை எடுக்கவில்லை. யாரிடம் போவது?

பெரும்பாலும் நம்மிடமேதான். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, வீட்டு உரிமையாளர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் பராமரிப்புக் கட்டணமும், அதில் பத்து விழுக்காடு சேமிப்பு நிதிக்கும் கட்ட வேண்டும். லிப்ட் மாற்றுவது, கூரை பழுது, சாயம் அடிப்பது எல்லாம் அந்தச் சேமிப்பு நிதியிலிருந்து. பாதிப் பேர் கட்டாவிட்டால் நிதி காலி, லிப்ட் நிற்கும். கட்டணப் பாக்கி வைத்திருப்பவர் ஆண்டுக் கூட்டத்தில் வாக்களிக்கவும் முடியாது.

1982இல் மலிவு வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று விலை வைத்தார்கள். அந்த விலையில் கட்டிய பல புளோக்குகள் ஐந்து மாடி, லிப்டே இல்லை. நாற்பது வயதில் நாலாம் மாடி சரி. எழுபது வயதில் முட்டி வலியோடு அரிசி மூட்டை தூக்கி ஏறும் பாட்டியைப் பார்த்தால் தெரியும். குலுக்கலில் வீடு கிடைக்கும்போதே, வீட்டில் வயதானவர் இருந்தால் கீழ்த்தளத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்ததால்தானே நம் சம்பளம் ஏறவில்லை?

அவர்கள்மீது கோபப்படுவதில் நியாயம் இல்லை. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து கடன் வாங்கி வந்தவர்கள் அவர்கள். நம் கொள்ளுத்தாத்தா கங்காணியிடம் முன்பணம் வாங்கி வந்ததும் அப்படித்தான். மலிவாக ஆள் கிடைக்கும்வரை முதலாளி இயந்திரம் வாங்கமாட்டார், சம்பளமும் மெதுவாகத்தான் ஏறும். இது உண்மை. அதற்கு மருந்து குறைந்தபட்சச் சம்பளம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது. 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கி, 2022இல் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 ஆகியிருக்கிறது. 2020இல் மாநகர், நகராண்மைக் கழக எல்லைகளுக்குள் மட்டும் 1,200, வெளியே 1,100 என்று இருந்தது. எல்லைக் கோட்டுக்கு அப்பால் இருந்த தோட்டக்காரருக்கு மாதம் நூறு வெள்ளி குறைவு. அந்தப் பிரிவினை போனது நல்லதாயிற்று.

தோட்டம் போனால் தமிழ்ப்பள்ளி என்னவாகும்?

பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் பள்ளிகள் முதலாளியின் நிலத்தில் எழுந்தன. நிலம் அரசாங்கத்துடையதாக இல்லாததால் அவற்றில் பல இன்றும் பகுதி உதவிப் பள்ளிகள்தான். கூரை ஒழுகினால் வாரியம் காசு தேட வேண்டும். தோட்டத்து மக்கள் போன பிறகு சில பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு மூன்று பிள்ளைகள். அதே சமயம் புதிய தாமானில் நூற்றுக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள், பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இருக்காது.

பழைய பள்ளியின் உரிமத்தைப் புதிய இடத்துக்கு மாற்றலாம், பல பள்ளிகள் அப்படி மாறியிருக்கின்றன. அதற்கு நிலம் வேண்டும். தாமான் வரைபடம் போடும்போதே பள்ளிக்கு மனை ஒதுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வீடுகள் கட்டி முடித்த பிறகு கேட்டால், ஆற்றோரத்திலோ மின்கம்பிக்குக் கீழேயோதான் இடம் மிஞ்சியிருக்கும்.

மற்ற நாடுகளில் இதைச் சரியாகச் செய்தவர்கள் யார்?

தென் கொரியாவையும் பிரேசிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் இரண்டு நாட்டிலும் நாலில் மூவர் நகரத்தில். பிரேசிலின் நகரங்களில் மலைச்சரிவு முழுக்கப் பட்டா இல்லாத குடிசைப் பகுதிகள். கொரியாவிலும் குடிசைகள் இருந்தன, கொடுமையாக இடித்தும் தள்ளினார்கள். ஆனால் வருமான ஏற்றத்தாழ்வு பிரேசில் அளவுக்குப் போகவில்லை. காரணங்கள் பல. நான் முக்கியமாக நினைப்பது இரண்டு. 1949–50இல் கொரியா நிலச் சீர்திருத்தம் செய்து, ஒரு குடும்பத்துக்குச் சுமார் 3 ஹெக்டேருக்கு மேல் வயல் கூடாது என்று உழுதவருக்குப் பிரித்துக் கொடுத்தது. அப்புறம் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பியது. கிராமத்திலிருந்து சியோலுக்குப் போன பிள்ளை கையில் படிப்போடு போனது, பின்னால் வீட்டுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் இருந்தது. பிரேசிலில் பெருநிலக்காரர்களின் கையைவிட்டு நிலம் போகவில்லை. வெறுங்கையோடு பட்டணம் வந்தார்கள். நம் தோட்டத்து மக்களும் அப்படித்தான் வந்தோம்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1968 முதல் சேமநிதியில் இருந்தே வீடு வாங்கலாம். இன்று அங்கே ஐந்தில் ஏறக்குறைய நால்வர் அரசாங்கம் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். நிலத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே வைத்திருந்ததால் முடிந்தது.

வாடகைக்கே இருந்துவிடலாமா, வீடு வாங்க வேண்டுமா?

வாங்க முடிந்தால் வாங்குங்கள், சிறியதாக இருந்தாலும். ஊழியர் சேமநிதியில் 2024 மே முதல் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் நல்வாழ்வுக் கணக்கிலிருந்து வீட்டுக்கு எடுக்கலாம். கார் கடனை முதலில் வாங்கிவிட்டால் வங்கி வீட்டுக் கடனைக் குறைக்கும். வீடு முதலில், கார் அப்புறம்.

நகராண்மைக் கழகத்தில் நம் குரலுக்கு இடம் இருக்கிறதா?

தேர்தல் வழியாக இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் முற்றாகப் போனது. உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டு வரி கட்டுகிறவருக்கு அந்தக் காசைச் செலவழிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும்.

இருந்தாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. உள்ளூர்த் திட்ட வரைவு தயாரானதும் அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் சொல்கிறது. ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும். எந்தத் தோட்டம் தொழிற்பேட்டையாகப் போகிறது, எது வீடுகளாகப் போகிறது, சாலை எங்கே வரும் எல்லாம் வண்ண வரைபடத்தில் இருக்கும். கோயில், சுடுகாடு, தமிழ்ப்பள்ளி அந்த வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். குறிக்கப்படவில்லை என்றால் ஆட்சேபப் படிவத்தில் இடத்தின் பெயர், நில எண், எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதை எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். கோயில் நிர்வாகமும் பள்ளி வாரியமும் குடியிருப்பாளர் குழுவும் தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. விசாரணைக்குக் கூப்பிட்டால் மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த இளையவர் ஒருவரையும், அந்த இடத்தின் பழைய கதை தெரிந்த பெரியவர் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள்.